ரீச்சரைக் கேளுங்கள்: கிறீன் கோவ் பாறையும் வராமல் போன சிலையும்

சென்ற இதழில் வந்த, கேப் பிரெட்டன் தீவின் கேபட் ட்ரெயில் வீதிப் பயணக் கட்டுரையில் ஒரு வரி இருந்தது: “கிறீன் கோவில் அந்தப் போர் நினைவுச் சிலை வந்திருந்தால் இடம் இன்னும் களைகட்டியிருக்கும்.” எழுதியவர் போகிற போக்கில் எழுதியதுதான். அதைப் பிடித்துக்கொண்டு கடிதங்கள் குவிந்துவிட்டன. பெறாமகனுக்கு எந்தப் பல்கலைக்கழகம், பல்கனியில் கறிவேப்பிலை ஏன் பட்டுப்போகிறது போன்ற வழமையான கேள்விகளுக்கு இந்த மாதம் விடுமுறை.

“அது என்ன சிலை, ரீச்சர்? நாங்கள் 2019இல் வந்தவர்கள். கேள்விப்பட்டதே இல்லை.” (வாசகி, மார்க்கம்)

கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தின் வடகிழக்கில், கேப் பிரெட்டன் தீவில், கேப் பிரெட்டன் ஹைலண்ட்ஸ் தேசியப் பூங்கா இருக்கிறது. அதன் கிழக்குக் கரையில், இங்கனிஷுக்கும் நீல்ஸ் ஹார்பருக்கும் இடையில், கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பாறை முனைதான் கிறீன் கோவ். அங்கே கனடியப் படைவீரர்களுக்காக 24 மீற்றர் உயரப் பெண் சிலை ஒன்றை எழுப்பத் திட்டம் போட்டார்கள். முதலில் சொன்னது 30 மீற்றர், பிறகு குறைத்தார்கள். குறைத்த பிறகும் எட்டு மாடிக் கட்டிட உயரம். பிரான்சின் விமி போர் நினைவகத்தில் இருக்கும் தாய்ச் சிலையை வைத்து யோசித்தது: போர்வை போர்த்திய தாய் அட்லாண்டிக்குக்கு அப்பால் விமியைப் பார்த்து இரு கைகளையும் விரித்து நிற்பாள். கடல் கடந்து போய்ச் செத்து அந்நிய மண்ணிலேயே புதைக்கப்பட்ட ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட கனடியரை அவள் அழைக்கிறாளாம். ‘மதர் கனடா’ என்பது பத்திரிகைகளில் நிலைத்த பெயர்.

யோசனை ரொறன்ரோ வணிகர் ஒருவருடையது. இத்தாலியில் கனடியப் படைவீரரின் கல்லறைகளைப் பார்த்தபோது மனதில் விழுந்த எண்ணம் என்று சொன்னார். அதை நான் சந்தேகிக்கவில்லை. அந்தக் கல்லறைகளில் வயதை வாசித்துக்கொண்டு நடந்தால் யாருக்கும் ஏதாவது செய்யத்தான் தோன்றும். அவர் ஒரு அறக்கட்டளை தொடங்கினார். அப்போதைய பிரதமர் ஹார்ப்பரின் அரசு ஆதரவாக இருந்தது. தேசியப் பூங்காக்களை நடத்தும் பார்க்ஸ் கனடா நிலம் தர இணங்கியதோடு ஒரு இலட்சம் டொலரும் கொடுத்தது. கனடாவின் 150ஆவது பிறந்தநாளான 2017 ஜூலை 1க்குள் திறந்துவிட வேண்டும் என்பது கணக்கு. மொத்தச் செலவு 25 மில்லியன் டொலரில் தொடங்கி 60 மில்லியன் வரை பத்திரிகைகளில் ஏறிக்கொண்டே போனது.

சிலையோடு நின்றிருந்தால் ஒரு மாதிரி. பார்வையாளர் தளம், விளக்க மண்டபம், கடை, வாகனத் தரிப்பிடம் எல்லாம் சேர்ந்து வந்தன. தேசிய கீதத்தின் வரிகளைத் துண்டு துண்டாக வெட்டி, ஒரு தளத்துக்கு ஒரு துண்டு, ஒரு வளையத்துக்கு ஒரு துண்டு என்று பெயர் வேறு வைத்திருந்தார்கள். அந்தப் பெயர்ப் பட்டியலைப் படித்த அன்றே எனக்கு இந்தத் திட்டத்தின் மேல் இருந்த பாதி மரியாதை போய்விட்டது. பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டிக்குக்கூட நாங்கள் அப்படிப் பெயர் வைத்ததில்லை.

எதிர்ப்பு பல பக்கமிருந்தும் வந்தது. ‘கிறீன் கோவ் நண்பர்கள்’ என்று உள்ளூர்க்காரர்கள் ஒரு குழுவாகத் திரண்டார்கள். பார்க்ஸ் கனடாவில் உயர் பதவியில் இருந்து ஓய்வுபெற்ற 28 பேர் ஒன்றாகக் கையெழுத்திட்டு அமைச்சருக்குக் கடிதம் எழுதினார்கள். ஓய்வூதியம் எடுக்கும் அரச அதிகாரிகள் வாயைத் திறப்பது இலேசான காரியமா! 2015 இலையுதிர் காலத்தில் ஆட்சி மாறியது. 2016 பெப்ரவரி 5 அன்று பார்க்ஸ் கனடா திட்டத்தைக் கைவிட்டது.

ஒன்றைக் கவனியுங்கள். கைவிட்டதற்கு அவர்கள் சொன்ன காரணம் பாறையும் இல்லை, பறவையும் இல்லை. பேசிய திகதிக்குள் அறக்கட்டளையிடம் பணம் சேரவில்லை, திட்டக் குழுக்களின் அமைப்பு முடிவாகவில்லை, இறுதி வடிவமைப்பு கைக்கு வரவில்லை. இவ்வளவுதான். பணம் நேரத்துக்கு வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை உங்கள் ஊகத்துக்கே விடுகிறேன். எதிர்த்தவர்கள் வென்றார்கள் என்று எழுதுபவர்களோடு நான் முழுதாக உடன்படாதது இதனால்தான்.

“என் மகன் கனடியப் படையில் இருக்கிறான். 950 சதுர கிலோமீற்றர் பூங்காவில் ஒரு சிலைக்கு இடமில்லையா? மான்களுக்குக் கொடுக்கும் மரியாதையைச் செத்த பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாதா?” (வாசகர், ஏஜாக்ஸ்)

ஐயா, உங்கள் கேள்வியில் இருக்கும் கோபத்துக்கு ஒரு நியாயம் உண்டு. அதனால் சற்று நீட்டியே சொல்கிறேன்.

முதலில் அந்த இடம். கிறீன் கோவில் வீதியோரம் காரை நிறுத்தினால் சில நிமிட நடையில் பாறைக்கு வந்துவிடலாம். இளஞ்சிவப்புக் கருங்கல், அதற்குள் வேறு நிறக் கல் வரி வரியாக ஓடுகிறது. உருகிய பாறை பழைய பாறையின் வெடிப்புக்குள் புகுந்து இறுகிய தடம் அது. இதைப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் வெண்கட்டியால் கீறிக் காட்டியே காலம் போனவள் நான். கடைசியில் காலடியில் பார்த்தேன். வெடிப்புகளில் முழங்கால் உயரத்துக்கும் வராத ஊசியிலை மரங்கள். உப்புக் காற்று நிமிர விடாததால் அவை தரையோடு படுத்தே வளர்கின்றன. உயரத்தைப் பார்த்துக் கன்று என்று நினைத்துவிடக் கூடாது, முதிர்ந்த மரங்களாக இருக்கும். அந்தப் பாறையில்தான் சீமெந்துத் தளம் வர இருந்தது.

‘950இல் ஒன்று’ என்று கேட்கிறீர்கள். கரையோரம் வீதிக்குப் பக்கத்தில், கடலும் திறந்து, கால் வைக்கப் பாறையும் இருக்கும் முனைகள் அந்தப் பூங்காவில் கைவிரலில் எண்ணக்கூடியவை. உள்ளே இருக்கும் பீடபூமிக் காட்டில் யாரும் சிலை கேட்கவில்லையே. எல்லோருக்கும் பிடித்த முனையைத்தான் கேட்டார்கள்.

அடுத்தது சட்டம். தேசியப் பூங்காக்கள் கனடிய மக்களுக்கு உரியவை, வருங்காலத் தலைமுறைகள் அனுபவிக்கும்படி குலையாமல் கையளிக்கப்பட வேண்டும் என்று 1930ஆம் ஆண்டுச் சட்டமே சொல்லிவிட்டது. 2000ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் இறுக்கியது: பூங்கா நிர்வாகம் எதைச் செய்தாலும் இயற்கைச் சூழலின் முழுமையைக் காப்பதுதான் முதல் கடமை. முதல் கடமை என்றால் முதல் கடமைதான். நல்ல காரியம், புனிதமான காரியம் என்று எதை முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாலும் அது இரண்டாவதாகத்தான் வரும். படைவீரருக்கு ஒன்று கொடுத்தால் நாளை தீயணைப்பு வீரருக்கு ஒன்று, கடலில் போன மீனவருக்கு ஒன்று. யாரை இல்லை என்பீர்கள்? எல்லாமே நியாயமான கோரிக்கைகள். அதுதான் சிக்கல்.

இனி மரியாதை. அந்தப் பூங்காவில் ஏற்கனவே படைவீரர் நினைவுக் கல் ஒன்று இருக்கிறது. கனடாவின் பல தேசியப் பூங்காக்களில் ஒரே வாசகத்தோடு வைத்த பட்டயங்களில் ஒன்று அது. இந்த இடத்தின் அழகை அவர்கள் இனிக் காணப்போவதில்லை, நாம் இங்கே அனுபவிப்பதெல்லாம் அவர்கள் தந்தது என்ற பொருளில் சில வரிகள். வாசிக்க அரை நிமிடம். வாசித்துவிட்டுத் தலையை நிமிர்த்தினால் அந்த அழகு அங்கேயே இருக்கும். அழகை மறைத்துக்கொண்டு எட்டு மாடியில் ஒன்று நின்றால் அந்த வரிகளுக்கே பொருள் இல்லாமல் போகும்.

உங்கள் மகன் சுகமாக இருக்கட்டும். விடுமுறையில் வந்தால் அவரிடமே இந்தக் கேள்வியைக் கேட்டு எழுதுங்கள், பிரசுரிக்கிறேன். அந்த விவாதத்தில் முன்னாள் படைவீரர்கள் இரண்டு பக்கமும் இருந்தார்கள்.

“அதே பூங்காவில் கோல்ஃப் மைதானம் இருக்கிறது ரீச்சர்! கோல்ஃபுக்கு விட்ட இடத்தை வீரருக்கு விடக்கூடாதா?” (வாசகர், மிசிசாகா)

கெட்டிக்காரத்தனமான கேள்வி. இருக்கிறது. இங்கனிஷில் ஹைலண்ட்ஸ் லிங்க்ஸ், ஸ்டான்லி தொம்சன் வடிவமைத்தது, உலகப் புகழ் பெற்றது. பூங்கா என்றால் வசதியுள்ளவர்கள் வந்து தங்கி விளையாடும் இடம் என்று நினைத்த 1930களின் பிள்ளை அது. இன்றைய சட்டத்தோடு யாராவது போய்ப் புதிதாக ஒரு கோல்ஃப் மைதானம் கேட்டால் கிடைக்குமா என்று பாருங்கள். தாத்தா சுருட்டுப் பிடித்தார் என்பதற்காகப் பேரனுக்கு நெருப்புப் பெட்டி கொடுக்க முடியாது.

“நான் சிட்னியில், கேப் பிரெட்டன் பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன். இங்கே வேலை இல்லை. ரொறன்ரோவில் இருந்துகொண்டு ‘பாறையைக் காப்பாற்று’ என்பது சுலபம்.” (மாணவி, சிட்னி, நோவா ஸ்கோஷியா)

தங்கச்சி, வந்த கடிதங்களில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது உம்முடையதுதான்.

1992இல் நியூஃபவுண்ட்லாந்தில் கொட் மீன்பிடியை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு உங்கள் கரைக்கும் தடை வந்தது. 2001இல் சிட்னி உருக்கு ஆலையை மூடினார்கள், அதே ஆண்டில் அரசின் கடைசி நிலக்கரிச் சுரங்கமும் போனது. பத்து வருடத்துக்குள் ஒரு தீவின் மூன்று சட்டிகளும் கவிழ்ந்தன. பிறகு ஒருவர் வந்து உல்லாசப் பயணிகள் பஸ் பஸ்ஸாக வருவார்கள், கட்டும்போதும் வேலை, கட்டிய பிறகும் வேலை என்றால் இங்கனிஷ்காரர் தலையாட்டத்தானே செய்வார்கள். உள்ளூரில் ஆதரவு பலமாகவே இருந்தது. அதை மறைத்துவிட்டு இதை ‘ஊர் எதிர் வெளியார்’ கதையாக எழுதுவது நேர்மை இல்லை.

இன்னொரு வாதமும் ஆதரவாளர் பக்கத்தில் இருந்தது, விமியோடு இந்தக் கரைக்கு இருக்கும் உறவு. அது என் கண்ணில் பணத்தை விடப் பெரியது. முதலாம் உலகப் போரில், 1917 ஏப்ரல் 9, உயிர்த்த ஞாயிறுக்கு மறுநாள், பிரான்சின் விமி மேட்டில் கனடாவின் நான்கு படைப்பிரிவுகளும் முதல்முறையாக ஒன்றாகத் தாக்கின. அன்று மற்றவர்களால் பிடிக்க முடியாமல் போன 145ஆம் குன்றை மாலையில் பிடித்தது நோவா ஸ்கோஷியாவின் 85ஆவது பட்டாலியன். அதுவரை சண்டை காணாமல் குழி வெட்டவும் சாமான் சுமக்கவும் வைத்திருந்தவர்கள். இன்று விமி நினைவகம் நிற்பது அந்தக் குன்றில்தான். ஆகவே கேப் பிரெட்டனுக்கும் விமிக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்டால் நானே சண்டைக்கு வருவேன்.

ஆனால் தங்கச்சி, அந்தப் பூங்கா நிலம் எப்படி வந்தது என்று உம்முடைய ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுப் பாரும். 1936இல் பூங்கா அமைந்தபோது அங்கே குடியிருந்தவர்களின் காணிகளை மாகாண அரசு எடுத்தது. மேற்குக் கரையில் கப் ரூஜ் என்ற, பிரெஞ்சு வழிவந்த அக்கேடியரின் குடியிருப்பே இல்லாமல் போனது. கிழக்கே இங்கனிஷ் பக்கமும் காணி போனது. எழும்பிப் போ என்று அவர்களுக்குச் சொன்ன காரணம், இது இனி எல்லோருக்கும் பொதுவான இயற்கை, என்றைக்கும் இப்படியே இருக்கும் என்பது. யாழ்ப்பாணத்தின் வலிகாமம் வடக்கில் வீடு வாசலை விட்டு வந்தவளான எனக்கு அந்தக் கதையை அடிக்குறிப்பாக வாசித்துவிட்டுப் போக முடியவில்லை. அப்படி எடுத்த நிலத்தில் ஒரு துண்டை, எண்பது வருடம் கழித்து, ரொறன்ரோவில் பதிந்த ஒரு தனியார் அறக்கட்டளைக்குத் தூக்கிக் கொடுப்பதா? பறிகொடுத்தவரின் பேரப்பிள்ளை அங்கே ஒரு சின்னக் கொட்டில் போடக் கேட்டால் கொடுப்பார்களா? என் எதிர்ப்பின் அடி இங்கேதான் இருக்கிறது. மரமும் பறவையும் இதற்குப் பிறகுதான்.

வேலை விடயத்தில் ஒன்று மட்டும். மேற்குக் கரையின் ஸ்கைலைன் நடைபாதைக்குக் கோடையில் காரை நிறுத்த இடம் கிடைக்காது. அங்கே சிலை எதுவும் இல்லை.

“விமியில் இருக்கும் அசல் சிலையைப் பார்த்திருக்கிறீர்களா? அதன் நகல்தானே இது?” (வாசகர், ஒட்டாவா)

பார்த்திருக்கிறேன். நகல் என்றால் விமி நினைவகத்தின் சிற்பி வோல்ற்றர் ஆல்வர்டுக்கு வருத்தமாக இருக்கும்.

விமியில் இருப்பவள் கையை விரிக்கவில்லை. போர்வைக்குள் தலையைக் குனிந்து, ஒரு கையில் நாடியை ஊன்றி, கீழே பார்க்கிறாள். மற்றக் கையில் வாகைக் கொத்து தொய்ந்து தொங்குகிறது. அவள் பார்வை விழும் இடத்தில், சுவரின் அடியில், தலைக்கவசமும் வாளும் வைத்த ஒரு கல் பெட்டி. யாரையும் கூப்பிடும் நிலையில் அவள் இல்லை. செத்தவீட்டில் முதல் நாள் எல்லோரும் அழுது ஓய்ந்த பிறகு தாய் இருக்கும் இருப்பு அது. 30 தொன் ஒற்றைக் கல்லில் செதுக்கியது. கல் குரோவேஷியாவின் செகெட் சுரங்கத்தில் இருந்து போனது. கட்டி முடிக்கப் பதினொரு வருடம் எடுத்தது, 1936 ஜூலை 26 அன்று எட்டாம் எட்வேர்ட் மன்னர் திறந்துவைத்தார்.

எனக்குச் சிலைகளை விடச் சுவர் பிடித்தது. பிரான்சில் செத்து, உடலும் கிடைக்காத 11,285 கனடியரின் பெயர்கள் அதில் இருக்கின்றன. ஒரு கல் முடிந்து அடுத்த கல் தொடங்கும் பொருத்தைப் பற்றிக் கவலைப்படாமல் பெயர்கள் அதற்கு மேலாகவே ஓடுகின்றன. ஒரு பெயரின் முதல் எழுத்துகள் இந்தக் கல்லில், மிச்சம் அடுத்த கல்லில். ஒரே பெயர் நாலைந்து தரம் வரும் இடங்களில் விரல் தானாக நின்றுவிடுகிறது. வெளியே புல்வெளி முழுக்கக் குண்டுக் குழிகள். வேலி போட்டு, உள்ளே செம்மறிகளை மேய விட்டிருக்கிறார்கள். வெடிக்காத குண்டுகள் இன்னும் மண்ணுக்குள் கிடப்பதால் புல்வெட்டும் இயந்திரத்தோடு மனிதரை அனுப்ப முடியாது. நூறு வருடம் கழித்தும் அந்த மண்ணுக்குப் போர் முடியவில்லை. அங்கே நினைவகம் ஏன் நிற்கிறது என்று யாருக்கும் விளக்கப் பலகை வேண்டாம்.

இனி ஒரு பூமிசாஸ்திர ரீச்சரின் சேட்டை. கிறீன் கோவ் தாய் விமியைப் பார்த்து நிற்பாள் என்றார்கள் அல்லவா? வீட்டில் உலக உருண்டை இருந்தால் நூல் பிடித்துப் பாருங்கள். விமி அங்கிருந்து சுமார் 4,500 கிலோமீற்றர். நூல் நேர் கிழக்கே போகாது, வடகிழக்காக ஏறி முதலில் நியூஃபவுண்ட்லாந்தின் தென்பகுதியில் முட்டும். அந்த நியூஃபவுண்ட்லாந்து 1949 வரை கனடாவே இல்லை. 1916 ஜூலை 1 காலையில் பிரான்சின் போமோன்-ஹமெலில் சுமார் 800 பேரை இறக்கிவிட்டு, மறுநாள் பெயர் கூப்பிட்டபோது 68 பேர் மட்டும் பதில் சொன்ன படை அவர்களுடையது. அவர்களுக்கு வேறு நினைவகங்கள், வேறு துக்கம். அது போகட்டும், விமித் தாயும் கிழக்கைத்தான் பார்க்கிறாள். நம்மவள் கடலைத் தாண்டி எட்டிப் பார்த்தாலும் தெரியப்போவது அவளுடைய முதுகுதான்.

“பிரம்ரன் பூங்காவில் நம்முடைய நினைவுத்தூபி வந்தபோது கைதட்டினீர்களே, ரீச்சர். அதுவும் பூங்காதானே?” (வாசகர், பிரம்ரன்)

தட்டினேன், இன்னொரு தரமும் தட்டுவேன்.

சிங்குவாகூசி பூங்கா பிரம்ரன் நகரசபையின் காணி. பனிச்சறுக்கச் சின்ன மேடு, பிள்ளைகள் ஆடு தடவும் தொழுவம், விளையாட்டுத் திடல் என்று மனிதர்கள் கூடவே மனிதர்கள் போட்ட பூங்கா. 2025 மே மாதத்தில் அங்கே தமிழினப் படுகொலை நினைவுத்தூபி திறந்தது. கொழும்பு ஆட்சேபித்தது, நகரசபை அசையவில்லை. மே மாதம் ஒரு தாய் அங்கே பூ வைக்க வேண்டுமென்றால் பஸ் ஏறி வரலாம். யாருடைய வாக்குறுதியும் அங்கே உடையவில்லை, எந்த மரமும் முறிந்ததாக யாரும் சொல்லவில்லை.

2021 ஜனவரியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியை இரவோடிரவாக இடித்ததைத் தொலைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நாங்கள். கல் வெறும் கல் இல்லை என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். அதனால்தான் எங்கே, யார் காணியில், யார் சம்மதத்தில் என்று கேட்கிறேன். எங்களுக்கு ஒரு அளவுகோல், மற்றவருக்கு ஒன்று என்று வைத்திருந்தால் கேட்டிருக்க மாட்டேன்.

அதே பிரம்ரனில் மெடோவேல் மயானத்தில் கொரியப் போரில் செத்த 516 கனடியரின் பெயர்களோடு ஒரு நினைவுச் சுவர் இருக்கிறது. உங்கள் ஊர்தானே, ஒரு நாள் போய்ப் பாருங்கள்.

“நம் நடுகல் மரபில் இப்படி இடப் பிரச்சினை வந்ததுண்டா?” (வாசகி, ஸ்காபரோ)

தொல்காப்பியம் நடுகல்லுக்கு ஆறு படி சொல்கிறது: கல்லைத் தேடிக் காண்பது, எடுத்து வருவது, நீராட்டுவது, நடுவது, படையல், வாழ்த்து. கல்லுக்குத்தான் அலைந்திருக்கிறார்கள். அவன் விழுந்த இடமும் அவன் காத்த ஊர் எல்லையும் எல்லோருக்கும் தெரியும். ஆநிரை மீட்கப் போனவனின் கல் பெரும்பாலும் ஆள் உயரத்துக்கு மேல் போகாது. பெயர், ஊர், எதற்காகச் செத்தான், முடிந்தது. பார்வையாளர் தளம் எதுவும் அகழ்வாராய்ச்சியில் கிடைக்கவில்லை.

“சரி, உங்களிடம் பணமும் அதிகாரமும் இருந்தால் எங்கே வைப்பீர்கள்?” (வாசகர், மொன்றியல்)

ஹலிஃபக்ஸில். இரண்டு உலகப் போரிலும் படைகள் பெருமளவில் கப்பல் ஏறியது அங்கிருந்துதான். அங்கே பொயின்ற் பிளெசன்ற் பூங்காவின் முனையில், துறைமுக வாயைப் பார்த்தபடி, கடலிலேயே போய்விட்ட மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்களோடு சிலுவை நினைவகம் நிற்கிறது. இன்னொன்று வேண்டுமென்றால் அந்தப் பக்கத்தில் பொருந்தும். (அந்தப் பூங்கா நிலத்தை 1866இல் பிரித்தானிய அரசு 999 வருடக் குத்தகைக்குக் கொடுத்தது, வருட வாடகை ஒரு ஷில்லிங். ரொறன்ரோ வாடகை கொடுப்பவர்கள் இதை வாசித்துப் பெருமூச்சு விடலாம்.)

கேப் பிரெட்டனில்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் நோர்த் சிட்னி. 1942 ஒக்டோபரில் அங்கிருந்து நியூஃபவுண்ட்லாந்துக்குப் புறப்பட்ட ‘கரிபூ’ என்ற பயணிகள் கப்பலை ஜேர்மன் நீர்மூழ்கி அடித்துத் தாழ்த்தியது. செத்த 130க்கும் மேற்பட்டவர்களில் பெண்களும் குழந்தைகளும் இருந்தார்கள். போர் அந்தக் கரைக்கே வந்த சம்பவம் அது. இன்றும் அதே துறையில் இருந்து கப்பல் ஓடுகிறது, ஏறக் காத்திருப்பவர்கள் மணிக்கணக்கில் சும்மா நிற்கிறார்கள். நினைவுக் கல்லுக்கு வாசகர்கள் அங்கே தயாராக இருக்கிறார்கள்.

“சிலை வந்திருந்தால் போய்ப் பார்த்திருப்பீர்களா?” (வாசகி, வோன்)

போயிருப்பேன். படமும் எடுத்திருப்பேன். திரும்பி வந்து இதே பக்கத்தில் திட்டியிருப்பேன்.

“இந்தக் கோடையில் குடும்பத்தோடு போகலாம் என்றிருக்கிறோம். கிறீன் கோவில் என்ன செய்யலாம்?” (வாசகி, பிக்கரிங்)

பாறையில் நடக்கலாம், உட்காரலாம், சாப்பாட்டுப் பொதியைப் பிரிக்கலாம். வேறு எதுவும் இல்லை. வெளிர் நிறப் பாறை காய்ந்திருந்தால் செருப்போடும் நடக்கலாம், அலை படும் கறுத்த பகுதிக்குப் பிள்ளைகளை விட வேண்டாம், வழுக்கும். ஜூன் மாதம் போனால் கரைக்குக் கிட்டவே இறால் படகுகள் தெரியும். நான் சொல்வது நண்டுபோல் கவ்வும் லொப்ஸ்ரர், நம்முடைய சின்ன இறால் இல்லை. தெற்கே சில நிமிட ஓட்டத்தில் லேக்கீஸ் ஹெட் என்ற பார்வையிடம், அதிர்ஷ்டம் இருந்தால் திமிங்கிலம். வடக்கே போனால் நீல்ஸ் ஹார்பர், அங்கே பழைய வெளிச்சவீட்டுக்குள் கோடையில் ஐஸ்கிறீம் விற்கிறார்கள்.

பூங்காவுக்குள் நுழையக் கட்டணம் உண்டா என்று போகுமுன் பார்த்துக்கொள்ளுங்கள். ஒக்டோபரில் இலை நிறம் பார்க்கப் போகிறவர்கள் கவனம்: அந்த நாட்களில் தீவு முழுக்க கெல்ரிக் இசை விழா நடப்பதால் அறை கிடைப்பது குதிரைக் கொம்பு. முதலே பதிந்துவிடுங்கள். விழா முடிந்த பிறகு போனால் அறை கிடைக்கும், சாப்பாட்டுக் கடைகள் பாதி பூட்டியிருக்கும்.